எகிப்தின் பிரமிடுகளும் கல்லறைகளும்: போகுமுன் கேட்கப்படும் கேள்விகள்

எகிப்துக்குக் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டணங்களை மட்டும் எழுதவில்லை. அடிக்கடி ஏற்றிவிடுகிறார்கள் என்பதால் இன்று எழுதுவது ஆறு மாதத்தில் பழசாகிவிடும். எகிப்து அரசின் சுற்றுலா, தொல்பொருள் அமைச்சகத்தின் இணையதளத்தில் நடப்பு விலை கிடைக்கும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. கோடையில் தெற்கே உள்ள லக்சர் நகரில் 40 டிகிரிக்கு மேல் சர்வசாதாரணமாகப் போகும். வெயில் நமக்குப் பழகியதுதானே என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அரசர்களின் கல்லறைகளைக் குடைந்திருக்கும் அங்குள்ள அரசர் பள்ளத்தாக்கில் ஒரு மரம்கூடக் கிடையாது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வெயிலை முகத்திலேயே திருப்பி அடிக்கும். மார்ச் முதல் மே வரை கம்சீன் என்ற மணற்காற்று வேறு உண்டு. ரமலான் மாதத்தில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும், ஆனால் பல இடங்களைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

கெய்ரோவுக்கு மூன்று நாள், லக்சருக்கு மூன்று நாள் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். கீசா பிரமிடுகளுக்கு அரை நாள் போதும். அங்கிருந்து 2 கி.மீ. தூரத்தில்தான் பெரிய எகிப்திய அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்கு மீதி நாள் சரியாக இருக்கும். கெய்ரோவுக்குத் தெற்கே பழைய பிரமிடுகள் இருக்கும் சக்காராவும் தஹ்ஷூரும் சேர்ந்து ஒரு முழு நாள்.

கெய்ரோவில் விமானம் மாறுவதற்கு இடையில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் பலரும் கீசாவும் அருங்காட்சியகமும் என்று போவார்கள். நானாக இருந்தால் காலையில் கீசா, மதியம் சக்காரா என்று போவேன். ஏன் என்பது கீழே வருகிறது.

கீசாவில் கூஃபு மன்னன் கட்டிய பெரிய பிரமிடின் உள்ளே போகலாமா? என்ன இருக்கிறது?

போகலாம், தனி டிக்கெட் வாங்க வேண்டும். உள்ளே படமோ எழுத்தோ தங்கமோ எதுவும் இருக்காது. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

9ஆம் நூற்றாண்டில் கலீஃபா அல்-மாமூன் குடைய வைத்ததாகச் சொல்லப்படும் சுரங்கம் வழியாகத்தான் நுழைகிறோம். அப்புறம் ஏறுவழி. அதன் உயரம் சுமார் 1.2 மீட்டர்தான், நீளமோ 39 மீட்டர். குனிந்தபடியே ஏற வேண்டும், எதிரே இறங்கி வருகிறவர்களுக்கும் அதே வழியில் இடம் கொடுக்க வேண்டும். முடிந்ததும் சட்டென்று தலைக்கு மேலே திறந்துகொள்கிறது பெரும் நடைக்கூடம்: 47 மீட்டர் நீளம், எட்டரை மீட்டர் உயரம், இருபக்கச் சுவரும் படிப்படியாக உள்நோக்கி நெருங்கி வந்து உச்சியில் கூடுகின்றன. எனக்குக் கேட்டால், கொடுத்த காசு இந்த ஓர் இடத்துக்கே சரியாகப் போய்விடும்.

மேலே அரசனின் அறை. அஸ்வானிலிருந்து, அதாவது சுமார் 800 கி.மீ. தெற்கிலிருந்து, நைல் வழியாகக் கொண்டுவந்த கிரானைட் கல்லால் முழுக்க இழைத்த அறை. ஒரு மூலை உடைந்த, மூடியில்லாத கல்பேழை ஒன்று கிடக்கிறது. ஏறுவழியின் அகலத்தைவிட அந்தப் பேழையின் அகலம் கொஞ்சம் அதிகம். ஆகவே கட்டும்போதே உள்ளே வைத்துவிட்டு, சுற்றிலும் அறையை எழுப்பியிருக்கிறார்கள்.

உள்ளே காற்று புழுக்கமாக இருக்கும், வியர்த்துக் கொட்டும். மூடிய இடங்களில் பயம், இதய நோய், ஆஸ்துமா, முழங்கால் வலி இருப்பவர்கள் வெளியிலிருந்தே பார்க்கலாம். வெளியே ஏறுவது மட்டும் சட்டப்படி குற்றம். நுழைவாயில் வரையுள்ள சில அடுக்குகளோடு சரி.

அப்படியானால் சுவரெல்லாம் படமும் எழுத்துமாக இருக்கும் பிரமிடு எங்கே?

சக்காராவில். கெய்ரோவிலிருந்து தெற்கே சுமார் 30 கி.மீ.

அங்கே எல்லோரும் முதலில் பார்ப்பது ஜோசர் மன்னனின் படிப் பிரமிடு. கி.மு. 27ஆம் நூற்றாண்டில் அவருடைய உயர் அதிகாரி இம்ஹோதெப் எழுப்பியது. ஆறு அடுக்கு, சுமார் 60 மீட்டர் உயரம். கல்லால் கட்டிய முதல் பெருங்கட்டடங்களில் ஒன்று. நீண்ட கால மராமத்துக்குப் பிறகு 2020 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள்.

பக்கத்திலேயே உனாஸ் மன்னனின் பிரமிடு. வெளியிலிருந்து பார்த்தால் சரிந்த மண்மேடு, நம்பி டிக்கெட் எடுக்கவே தோன்றாது. உள்ளே அறைச் சுவர் முழுவதும் நீலம் ஏற்றிய சித்திர எழுத்துகள், கூரை முழுவதும் நட்சத்திரங்கள். கி.மு. 2350 வாக்கில் வெட்டியவை. இறந்த அரசன் மறுமைக்குப் போவதற்கான மந்திரங்கள் ஒரு பிரமிடின் சுவரில் முதன்முதலாக இடம்பெற்றது இங்கேதான். உனாஸ் திறந்திருக்கும் நாளும் உண்டு, மூடியிருக்கும் நாளும் உண்டு. மூடியிருந்தால் தேத்தி மன்னனின் பிரமிடுக்குப் போங்கள், அதிலும் இதே மாதிரி எழுத்துகள் உண்டு, இறங்குவதும் சுலபம்.

ஆனால் சக்காராவில் என் ஓட்டு அரசர்களுக்கு இல்லை, அவர்களிடம் வேலை பார்த்த அதிகாரிகளுக்குத்தான். மஸ்தபா என்று அழைக்கப்படும், தட்டையான கூரை கொண்ட கல்லறைகள் அவர்களுடையவை. தேத்தியின் தலைமை அமைச்சர் மெரெருகாவின் மஸ்தபாவில் 30க்கும் மேற்பட்ட அறைகள். மீன்பிடி, நீர்யானை வேட்டை, வரி கட்டாதவர்களை இழுத்து வந்து விசாரிப்பது, நகைப் பட்டறை என்று ஒரு நாட்டின் அன்றாடம் முழுவதும் சுவரில் செதுக்கியிருக்கிறது. தீ என்ற அதிகாரியின் கல்லறையில் மாடுகள் ஓடையைக் கடக்கும் காட்சி ஒன்று உண்டு. மாடு மேய்ப்பவன் கன்றைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறான், கன்று திரும்பித் தாயைப் பார்க்கிறது. நாலாயிரத்து முன்னூறு வருடத்துக்கு முந்தைய சிற்பம். இதையெல்லாம் விட்டுவிட்டு கீசாவின் ஸ்பிங்ஸ் சிலைக்கு மூக்கு போன கதையைக் கேட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நேரம் மிச்சம் இருந்தால் செராபியம். ஆபிஸ் என்று வணங்கப்பட்ட காளைகளைப் புதைத்த நிலத்தடிச் சுரங்கம். ஒரு காளைக்கு அவ்வளவு பெரிய கிரானைட் பேழையா என்று மலைக்க வைக்கும்.

தஹ்ஷூர் போகலாமா, நேரம் வீணா?

கண்டிப்பாகப் போங்கள். கூஃபுவின் தந்தை ஸ்னெஃபெரு கட்டிய இரண்டு பிரமிடுகள் அங்கே நிற்கின்றன, கூட்டமே இருக்காது. முதலாவது வளைந்த பிரமிடு. கீழே சுமார் 54 டிகிரி சாய்வில் தொடங்கி, பாதியில் 43 டிகிரிக்குக் குறைத்துவிட்டார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே விரிசல் விட்டதுதான் காரணம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அடுத்தது சிவப்புப் பிரமிடு, குறைந்த சாய்வில் ஒழுங்காக எழுப்பியது, சுமார் 105 மீட்டர். தவறு எங்கே நடந்தது, எப்படித் திருத்தினார்கள் என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். கீசாவில் முடிந்த விடைதான் இருக்கிறது, கணக்குப் போட்ட தாள் தஹ்ஷூரில்தான் கிடக்கிறது.

சிவப்புப் பிரமிடுக்குள் போவது நல்ல உடற்பயிற்சி. முதலில் வெளியே படியேறி, பிறகு 60 மீட்டருக்கு மேல் குனிந்தபடி இறங்க வேண்டும். உள்ளே அம்மோனியா நெடி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். மறுநாள் தொடை வலிக்கும்.

பிரமிடுகளை அடிமைகள்தானே கட்டினார்கள்?

வழிகாட்டிகள் தினமும் பதில் சொல்லி அலுத்துப்போன கேள்வி. 1990இல் கீசாவில் ஒரு குதிரை மண்சுவர் ஒன்றில் இடறியது. தோண்டிப் பார்த்தால் வேலையாட்களின் கல்லறைகள். பிரமிடின் அருகிலேயே, மறுமைக்கு ரொட்டியும் பீரும் வைக்கும் பானைகளோடு, மரியாதையாகப் புதைத்திருக்கிறார்கள். எலும்புகளில் பாரம் தூக்கித் தேய்ந்த தடமும் இருக்கிறது, முறிந்த எலும்பை வைத்தியம் பார்த்துச் சேர்த்த தடமும் இருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது மெரெரின் நாட்குறிப்பு. செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் கிடைத்த, பாப்பிரஸ் என்ற கோரையில் செய்த தாள்கள். சுமார் 40 பேர் கொண்ட படகுக் குழுவின் தலைவன் மெரெர். தூரா சுரங்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஏற்றியது, கூஃபுவின் பிரமிடுக்குக் கொண்டுவந்து இறக்கியது, இரவு எங்கே தங்கியது என்று நாள்வாரியாகக் குறித்திருக்கிறான். பெரிய பிரமிடின் வேலையில் இருந்த ஒருவனே எழுதிய கணக்கு. வேற்றுக்கிரகவாசிகள் கட்டியதாகப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கட்டாய உழைப்பே இல்லை என்று அர்த்தமில்லை. ஊர் ஊராக ஆள் எடுத்து, முறை வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் சினிமாவில் வரும் சாட்டையடிக் கூட்டத்துக்குச் சான்று கிடையாது.

கீசாவில் ஒட்டகக்காரர்கள் தொல்லை தாங்காது என்கிறார்களே?

முன்பு போல இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து ஃபையூம் சாலைப் பக்கம் புதிய நுழைவாயில், உள்ளே இடத்துக்கு இடம் மின்சாரப் பேருந்து என்று மாற்றியிருக்கிறார்கள். ஒட்டகம், குதிரைக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனாலும் யாராவது வந்து "சும்மா ஒரு ஃபோட்டோ, காசு வேண்டாம்" என்பார்கள். காசு வேண்டும். ஏறுவதற்கு ஒரு விலை சொல்லி, ஏறிய பிறகு இறக்கிவிட இன்னொரு விலை கேட்பது அந்தக் காலத்திலிருந்து வரும் தந்திரம். சவாரி வேண்டும் என்றால் எவ்வளவு நேரம், எத்தனை பேர், ஏறி இறங்கும் வரை மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வேண்டாம் என்றால் "லா, ஷுக்ரன்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடங்கள். நின்று காரணம் சொல்ல ஆரம்பித்தால் தொலைந்தது. கையில் ஏதாவது "பரிசு" திணித்தாலும் வாங்க வேண்டாம்.

கல்லறைகளுக்குள் காவலர்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே வரச்சொல்லிக் கைகாட்டுவார்கள், டார்ச் அடித்துக் காட்டுவார்கள். பக்சீஸ் எதிர்பார்க்கிறார்கள். கயிற்றைத் தாண்டாதீர்கள். நல்லபடியாகக் காட்டியவருக்குச் சில்லறை கொடுப்பது உங்கள் விருப்பம்.

டிக்கெட் எப்படி வாங்குவது?

பெரும்பாலான இடங்களில் பணத்தாள் வாங்குவதில்லை, கார்டு மட்டும்தான். வெளிநாட்டில் வேலை செய்யும் கார்டு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இணையத்திலும் வாங்கலாம். மாணவர்களுக்கு சர்வதேச மாணவர் அட்டை இருந்தால் பாதி விலை. வளாகத்துக்கு ஒரு டிக்கெட், சில கல்லறைகளுக்குத் தனித்தனி டிக்கெட் என்பது எல்லா இடத்திலும் உள்ள முறை. உள்ளே போனபிறகு திரும்பி வந்து வாங்குவது வெட்டி நடை, ஆகவே எதெல்லாம் வேண்டும் என்று வாசலிலேயே முடிவு செய்யுங்கள்.

மம்மிகள் பிரமிடுக்குள் இருக்குமா?

இல்லை. பிரமிடுகள் பழங்காலத்திலேயே கொள்ளை போய்விட்டன. அதனால்தான் பிற்கால அரசர்கள் மலைக்குள் குடைந்து ஒளித்துக்கொண்டார்கள், அதையும் திருடர்கள் விடவில்லை. கடைசியில் பூசாரிகளே அரசர்களின் உடல்களை எடுத்து மொத்தமாக ஓரிரு இடங்களில் மறைத்து வைத்தார்கள். லக்சரின் மேற்குக் கரையில் குர்னா கிராமத்து அப்துல் ரசூல் குடும்பத்துக்கு அப்படி ஒரு குழி தெரிந்திருந்தது. பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விற்றிருக்கிறார்கள். 1881இல் குட்டு வெளிப்பட்டது. உள்ளே 40க்கும் மேற்பட்ட மம்மிகள், இரண்டாம் ராம்செஸ் உட்பட.

இன்று கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள எகிப்திய நாகரிகத்துக்கான தேசிய அருங்காட்சியகத்தில் அரச மம்மிகள் இருக்கின்றன. 2021 ஏப்ரல் 3 அன்று 18 அரசர்களையும் 4 அரசிகளையும் ஊர்வலமாக அங்கே கொண்டுபோனார்கள். நல்ல மங்கலான வெளிச்சம், பேசக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. இரண்டாம் ராம்செஸ் முன்னால் நிற்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: உடலைப் பதப்படுத்தும்போது அவர் மூக்கில் மிளகு வைத்திருந்தார்கள். மிளகு விளைந்தது தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடரில். கி.மு. 1213இல் இறந்த அரசனுக்கு அது எத்தனை கை மாறிப் போய்ச் சேர்ந்ததோ. ரோமானியர் காலத்தில் இந்த வணிகம் பெருகி, செங்கடல் துறைமுகமான பெரெனிகேயின் கோயிலில் ஒரு இந்தியச் சாடியில் ஏழரை கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது.

அரசர் பள்ளத்தாக்கில் எந்தக் கல்லறைகளைப் பார்ப்பது?

இதுவரை 60க்கும் மேற்பட்ட கல்லறைகளும் குழிகளும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் சிலதான் திறந்திருக்கும், சுழற்சி முறையில் மாற்றுவார்கள். பொது டிக்கெட்டில் மூன்று பார்க்கலாம். திறந்திருந்தால் என் தேர்வு: மூன்றாம் ராம்செஸ், நான்காம் ராம்செஸ், மூன்றாம் துத்மோஸ். நான்காம் ராம்செஸ் கல்லறை வாசலுக்குப் பக்கத்தில், அகலமாக, அதிகச் சரிவில்லாமல் இருப்பதால் வயதானவர்களுக்கு ஏற்றது. மூன்றாம் துத்மோஸ் நேர்மாறு. பாறை இடுக்கில் இரும்புப் படியில் ஏறி, பிறகு ஆழமாக இறங்க வேண்டும். உள்ளே வண்ணக் கோலாகலம் இல்லை. பழுப்புச் சுவரில் குச்சி குச்சியாக உருவங்கள், ஒரு பெரிய பாப்பிரஸ் சுருளைச் சுவர் முழுக்க விரித்துவிட்டது போல. இப்படி அபூர்வமாகத்தான் காண முடியும்.

தனி டிக்கெட்டுகளில் ஐந்தாம், ஆறாம் ராம்செஸ் கல்லறைக்குத் தயங்காமல் கொடுங்கள். கூரையில் நூத் என்ற வான்தேவி இரண்டு முறை உடலை நீட்டிப் படுத்திருக்கிறாள், மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் பெற்றெடுக்கிறாள். சுவர்களில் பழங்காலக் கிரேக்க, ரோமானியச் சுற்றுலாப் பயணிகள் பெயர் கிறுக்கியிருப்பதையும் கவனியுங்கள். பள்ளத்தாக்கில் இப்படி 2000க்கும் மேற்பட்ட கிறுக்கல்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். கோட்டைச் சுவரில் பெயர் எழுதும் வியாதி நம் காலத்தில் வந்ததல்ல.

முதலாம் சேத்தியின் கல்லறை எல்லாவற்றிலும் நீளமானவற்றில் ஒன்று, வேலைப்பாட்டில் உச்சம். டிக்கெட் விலையும் உச்சம். அவருடைய வெள்ளைக் கல்பேழை லண்டனில், சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

துத்தன்காமுன் கல்லறைக்குத் தனியாகக் காசு கொடுக்கலாமா?

மனசு கேட்காவிட்டால் கொடுங்கள். சின்னக் கல்லறை, ஒரே ஒரு அறையில்தான் ஓவியம். அரசனின் மம்மி மட்டும் கண்ணாடிப் பேழையில் அங்கேயே இருக்கிறது. 1922 நவம்பரில் ஹோவார்ட் கார்ட்டர் கண்டெடுத்த புதையல், 5000க்கும் மேற்பட்ட பொருட்கள், கீசாவில் 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. தங்கத்தைப் பார்க்க வேண்டுமானால் அங்கே போக வேண்டும்.

இந்தக் கல்லறை தப்பியதற்கு ஒரு காரணம், பின்னால் வந்த ஆறாம் ராம்செஸின் கல்லறையைக் குடைந்தவர்கள் இதன் வாசலுக்கு மேலேயே குடிசை போட்டதுதான்.

சாபம் உண்மையா?

கார்ட்டருக்குப் பணம் போட்ட கார்னார்வன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்தார். கொசுக்கடியைச் சவரக்கத்தி கீறி, சீழ் பிடித்து, இரத்தம் நஞ்சானது. கல்லறையைத் திறந்த கார்ட்டர் 1939 வரை உயிரோடு இருந்தார். பத்திரிகைகளுக்கு நல்ல விற்பனை.

அரசர் கல்லறைகள் போதாதா? பக்கத்தில் தெயிர் எல்-மதீனா என்று எதையோ சொல்கிறார்களே?

லக்சரில் ஒரே ஒரு இடத்தை விடக்கூடாது என்றால் அது இதுதான். அரசர் கல்லறைகளைக் குடைந்து, தீட்டிய தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். வீடுகளின் அடிச்சுவர்கள் வரிசையாக இருக்கின்றன, தெரு தெரிகிறது. பகலில் அரசனுக்கு வேலை செய்தவர்கள் மிச்ச நேரத்தில் தங்களுக்கும் கல்லறை தீட்டிக்கொண்டார்கள். சென்னெஜெம் என்பவரின் கல்லறை மிகச் சிறியது, குனிந்து நுழைய வேண்டும். உள்ளே வளைந்த கூரையின் கீழே அவரும் மனைவியும் மறுமை வயலில் உழுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள். வண்ணம் நேற்றுத் தீட்டியது போல் இருக்கிறது.

மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் இந்த ஊர்க்காரர்களுக்குக் கூலித் தானியம் வராமல் தாமதமானது. கருவிகளைக் கீழே போட்டுவிட்டு, பசிக்கிறது என்று கோயில்களின் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தமாக இதைச் சொல்கிறார்கள். அதைப் பற்றிய பாப்பிரஸ் இப்போது இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது.

அருகிலேயே பிரபுக்களின் கல்லறைகள். சென்னெஃபெரின் கல்லறையில் மேடு பள்ளமான கூரையை அப்படியே விட்டு, அதில் திராட்சைக் கொடியைப் படரவிட்டிருக்கிறார் ஓவியர். நக்த், மென்னா கல்லறைகளில் உழவும் அறுப்பும் விருந்தும். இங்கெல்லாம் பத்து பேர் சேர்ந்தாற்போல் பார்ப்பதே அபூர்வம்.

இரண்டாம் ராம்செஸின் அரசி நெஃபெர்தாரியின் கல்லறை?

அரசியர் பள்ளத்தாக்கில் இருக்கிறது, 1904இல் கண்டுபிடித்தது. எகிப்தின் மிக அழகான ஓவியக் கல்லறை என்பதில் பெரிய சண்டை இல்லை. பாதுகாப்புக்காக அவ்வப்போது மூடிவிடுவார்கள், திறந்திருந்தாலும் சில நிமிடங்களே அனுமதி. பயணத் திட்டத்தை இதை நம்பிப் போடாதீர்கள்.

படம் எடுக்கலாமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பெரும்பாலான கல்லறைகளில் கைபேசியில் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. முக்காலிக்கு அனுமதி வாங்க வேண்டும். சுவரைத் தொடாதீர்கள், சாயாதீர்கள், முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். நம் மூச்சின் ஈரமும் வியர்வையும்தான் ஓவியங்களுக்கு முதல் எதிரி. மூடிய காலணி, தொப்பி, தண்ணீர் அவசியம். அரசர் பள்ளத்தாக்கு காலை 6 மணிக்கே திறந்துவிடும், பேருந்துக் கூட்டம் வருமுன் போனால் ஒரு கல்லறையில் தனியாக நிற்கும் பாக்கியம் கிடைக்கலாம்.

கெய்ரோவிலிருந்து லக்சருக்கு எப்படிப் போவது?

விமானத்தில் ஒரு மணி நேரம், ரயிலில் ஓர் இரவு. லக்சரில் கிழக்குக் கரையில் தங்கினால் பொதுப் படகில் நைலைக் கடந்து மேற்குக் கரைக்குப் போய் வண்டி பிடிக்கலாம். கல்லறைகளெல்லாம் மேற்கில்தான், சூரியன் மறையும் திசை என்பதால்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

கவலையே வேண்டாம். குஷரி என்பது சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே வறுத்த வெங்காயம், தக்காளிச் சாறு. தெருவுக்குத் தெரு கிடைக்கும். மொச்சையை அரைத்துப் பொரித்த தாமியா நம் மசால் வடைக்குத் தம்பி. காலையில் ஃபூல் என்ற அவித்த மொச்சையும் ரொட்டியும்.

எகிப்தைவிட சூடானில்தான் பிரமிடுகள் அதிகமாமே, அங்கேயும் போகலாமா?

எண்ணிக்கையில் ஆமாம். மெரோவே, நூரி போன்ற இடங்களில் பழங்காலக் குஷ் நாட்டு அரசர்கள் எழுப்பியவை, அளவில் சின்னவை, கூர்மையானவை, மொத்தம் 200க்கும் மேல். ஆனால் 2023 ஏப்ரலில் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. அந்தத் திட்டத்தை ஓரமாக வையுங்கள். குஷ் அரசர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் லக்சரிலிருந்து ரயிலில் மூன்று நான்கு மணி நேரத்தில் அஸ்வான் போய், அங்குள்ள நூபிய அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அரை நாள் போதும்.